கையில் ஒட்டும் சென்சார்: முதல் 14 நாள்

பால்மரம் (ரப்பர் மரம்) சீவிக் காய்த்துப்போன விரல்கள் அம்மாவுக்கு. குத்தி ரத்தம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் சர்க்கரை அளவைத் தொடர்ந்து கைப்பேசியில் காட்டும் சென்சாருக்கு மாறினோம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்களைப் போல் இனிப்புநீரோடு (நீரிழிவோடு) இருப்பவர்களுக்காக, செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒட்டும் இடம் மேற்கையின் பின்புறம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. ஒருக்களித்துப் படுக்கும் பக்கத்துக் கை வேண்டாம். சென்சார் நசுங்கினால் நடுராத்திரியில் பொய்யாகக் குறைந்த அளவு காட்டும்.

அப்புறம் கைப்பேசிச் செயலியில் இணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். நம் நாட்டில் அளவு மில்லிமோலில் வரும். தமிழ்நாட்டுக் காணொளியில் மில்லிகிராம் கணக்கில் 180 என்றால் 18-ஆல் வகுங்கள், 10.

எண்ணை விட, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கியே வரும். 5 என்று காட்டி அம்பு செங்குத்தாகக் கீழே இறங்கினால், 9-இல் ஏறாமல் இறங்காமல் நிற்பதை விட அதுதான் கவலை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அம்மா முதல் நாள் ரொட்டி சானாயோடு தே தாரிக் (கெட்டிப்பால் போட்டு ஆற்றிய தேநீர்) குடித்தார். மறுநாள் அதே ரொட்டி, தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). செயலியில் சர்க்கரைக் கோடு அவ்வளவு உயரம் ஏறவில்லை. "நான்தான் சீனி கம்மி என்று சொல்லித்தானே வாங்குகிறேன்" என்றார். கம்மி என்றாலும் கெட்டிப்பால் உள்ளே போகிறதே! பால் வேண்டும் என்றால் தே சி கொசோங் (இனிப்பில்லாப் பால் ஊற்றிய, சீனி போடாத தேநீர்) கேளுங்கள். சாப்பிட்ட பின் கோயில் வரை நடந்த நாளில் கோடு இன்னும் தணிந்தது.

3.9-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்தித்தான் ஆகவேண்டும். எண்ணைப் பார்த்து இன்சுலினை நீங்களாக மாற்றாதீர்கள்.

பொதுவான இலக்கு, நாளில் 70 விழுக்காடு நேரம் 3.9-க்கும் 10-க்கும் இடையே இருப்பது. வயதாகித் தளர்ந்தவர்களுக்கு 50 போதும் என்பார்கள். உங்களுக்கு எது என்று கிளினிக்கில் கேளுங்கள். போகும்போது சாப்பிட்ட நேரத்தையும் குறித்து எடுத்துப் போங்கள். செயலியில் தட்டச் சோம்பலாக இருந்தால் காலண்டர் தாள் போதும். அம்மா அதில்தான் கிறுக்கி வைக்கிறார்.