கொங்கு நாட்டுக் கிணற்று நீரை ஆய்வு செய்வது எப்படி: மாதிரி பிடிப்பதிலிருந்து கணக்கு சரிபார்ப்பது வரை

கிணற்று நீர் ஆய்வு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் தோட்டத்து மோட்டார் ரூம்தான். ஆய்வகத்தில் டைட்ரேஷன் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை) தவறினால், பாட்டிலில் மிச்சமிருக்கும் நீரை வைத்து மறுபடி செய்துகொள்ளலாம். மோட்டார் போட்ட இரண்டாவது நிமிடத்தில் அவசரமாகப் பிடித்த மாதிரியை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் சரிசெய்ய முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் நிலத்தடி நீரை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக எழுதியது இது. அதனால் தோட்டத்து வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த மாதம்?

இங்கே பெரும்பகுதிக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை என்று வைத்துக்கொள்வது வழக்கம். மழைக்கு முந்தைய மாதிரியை மே மாதம் எடுப்பது நல்லது. செப்டம்பரில் எடுத்தால் வாய்க்கால் தண்ணீர் குறுக்கே வந்துவிடும்.

இதைப் பலர் கவனிப்பதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்த சில வாரங்களில் வாய்க்காலுக்குக் கீழ்ப்புறக் கிணறுகளில் கசிவு நீர் சேர்ந்து உப்பு நீர்த்துவிடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனப் பகுதி நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறை வைத்துத் தண்ணீர் பெறுகிறது. இந்த ஆண்டு தண்ணீர் வந்த மண்டலத்துக் கிணற்றையும் வராத மண்டலத்துக் கிணற்றையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் பாறை என்று எழுதினால் ஆய்வே தவறிவிடும். அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபின், 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரிநீர் கொண்டு செல்லப்படுகிறது. அந்தப் பகுதிகளின் பழைய அளவுகளோடு உங்கள் அளவுகளை ஒப்பிடும்போது, அருகிலுள்ள குளத்தில் தண்ணீர் இருந்ததா என்பதையும் குறித்தாக வேண்டும்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் வடிநிலத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எல்லைக்கோடு இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்யும் முறைக்கு வந்தபிறகே பட்டறைகள் மீண்டும் இயங்கின. அதற்கு முந்தைய தரவையும் பிந்தைய தரவையும் ஒரே வரைபடத்தில் கலந்து போடாதீர்கள்.

எந்தக் கிணறு?

நொய்யலின் இரு கரையிலும் ஆற்றுக்குக் குறுக்காகக் கோடு போட்டு, 250 மீட்டர், 500 மீட்டர், 1 கி.மீ., 2 கி.மீ. தூரங்களில் கிணறுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒப்பீட்டுக்காக ஆலாந்துறை, பூலுவப்பட்டி பக்கம் மேல்நொய்யல் கிணறுகளை மட்டும் எடுப்பது போதாது. அங்கே மழையும் மண்ணும் வேறு. திருப்பூரின் கிணற்றுக்கு ஒப்பீடு, அதே பாறையின்மேல் ஆற்றைவிட்டுத் தள்ளியிருக்கும் திருப்பூர்க் கிணறுதான். இரண்டு வகையும் இருந்தால் ஆய்வுக்கு வலு கூடும்.

ஒரே கிணற்றில் மூன்று பாட்டில் பிடித்தால் அது மூன்று மாதிரி ஆகாது, ஒரு கிணறுதான். எண்ணிக்கை வேண்டுமென்றால் கிணறுகளைக் கூட்டுங்கள்.

தேர்ந்தெடுத்த கிணற்றைப் பற்றி முதலில் தோட்டத்துக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ஏனுங்கண்ணா, இந்தக் கெணத்துல போர் தண்ணி விடறீங்களா?" கொங்கு நாட்டில் 800, 1,000 அடி போரிலிருந்து வரும் கொஞ்ச நீரைத் திறந்த கிணற்றில் விட்டுச் சேர்த்து, அங்கிருந்து இன்னொரு மோட்டாரில் வயலுக்கு எடுப்பது சாதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் 60 அடிக் கிணறு. உள்ளே இருப்பது ஆழத்துப் பாறை நீர். கேட்காமல் எடுத்தால் மேல்மட்ட நீர் என்ற தலைப்பில் ஆழத்து நீரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள். கிணற்றுக்குள் சைடு போர் போட்டிருக்கிறதா, போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் கிடைத்தது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) எத்தனை அடி என்பதையும் கேட்டு எழுதுங்கள். மொத்த ஆழத்தைவிடத் தண்ணீர் கிடைத்த ஆழம்தான் முக்கியம். அதைப் பெரும்பாலும் போர் போட்ட அன்று நின்று பார்த்தவர்தான் சொல்வார். வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள்.

மோட்டார் ரூமில்

போகும் முன் த்ரீபேஸ் கரண்ட் எந்த நேரம் வருகிறது என்று போன் செய்து தெரிந்துகொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் போய்த் தொட்டியில் நிற்கும் நீரைப் பிடித்து வருவதில் பயனில்லை.

போர் குழாயில் நின்றுகொண்டிருக்கும் பழைய நீர் வெளியேறிய பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 21 லிட்டர் நிற்கும். 100 மீட்டர் நீர் நின்றால் 2,100 லிட்டர். கண்காணிப்புக் கிணறுகளுக்குச் சொல்லும், நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்கை வெளியேற்றும் விதியை இதற்குப் போட்டால் 6,000 லிட்டருக்கு மேல் ஓடவேண்டும். மெதுவாக ஊறும் போரில் அதற்குள் மோட்டார் காற்று வாங்கிவிடும். அதனால் நீரின் தன்மை நிலைப்பதை அளந்து முடிவு செய்யுங்கள். குழாய் முனையில் ஒரு வாளி வைத்து நீர் வழிந்துகொண்டே இருக்கும்படி விட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இ.சி. (நீரின் மின்கடத்துதிறன், உப்பு கூடினால் இதுவும் கூடும்), பி.ஹெச்., வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று அளவுகளில் இ.சி. 3 சதவீதத்துக்குள்ளும் பி.ஹெச். 0.1-க்குள்ளும் நின்றால் பிடிக்கலாம். தினமும் ஓடும் போரில் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் நிலைத்துவிடும். மாதக்கணக்கில் ஓடாத போரை அந்த ஆய்வுக்கு எடுக்காமல் விடுவதே நல்லது.

பிடிக்கும் இடம் கிணற்றை ஒட்டிய முதல் வால்வு. சொட்டுநீர்ப் பாசனம் இருக்கும் தோட்டத்தில் உரம் கலக்கும் வெஞ்சூரிக்கு அப்புறம் பிடித்தால், அன்று கலந்த உரம்தான் நைட்ரேட்டாகவும் பொட்டாசியமாகவும் காட்டும். கம்ப்ரசர் ஓட்டும் போரில் காற்று அடித்து நீரைத் தூக்குவதால் கார்பன் டை ஆக்ஸைடு பறந்து பி.ஹெச். ஏறும், இரும்பு துருவாகிப் படியும். அங்கே குளோரைடு, சோடியம் அளக்கலாம், பி.ஹெச்., இரும்பு, கரைந்த ஆக்ஸிஜன் அளக்கக் கூடாது. திறந்த கிணறு என்றால் மேலே மிதக்கும் பாசியையும் தூசியையும் விலக்கி, மேற்பரப்புக்கு ஒரு அடிக்குக் கீழே எடைகட்டிய பாத்திரத்தால் எடுங்கள்.

இ.சி. மீட்டரை அன்று காலையே 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் சரிபாருங்கள். கடையில் வாங்க முடியாவிட்டால், உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 25 டிகிரியில் அதே அளவு கிடைக்கும். பேனா போன்ற மீட்டர்கள் காட்டும் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு) எண்ணை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். அவை இ.சி.யை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. அந்த எண் ஒரு கம்பெனியில் 0.5, இன்னொன்றில் 0.7. ஒரே கிணற்று நீர் ஒன்றில் 1,300 என்றும் மற்றதில் 1,820 என்றும் வரும். இ.சி.யாகவே எழுதிக்கொண்டு, டி.டி.எஸ். வேண்டுமென்றால் ஆய்வகத்தில் ஆவியாக்கி எடைபோட்டு எடுங்கள்.

ஒரு கிணற்றுக்கு மூன்று பாலித்தீன் பாட்டில்கள் போதும். ஒரு லிட்டர் பாட்டில், எதுவும் சேர்க்காமல், காற்றிடம் விடாமல் நிரப்பியது: குளோரைடு, சல்பேட், ஃப்ளோரைடு போன்றவற்றுக்கு. ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி பாட்டில் வேண்டாம். கால் லிட்டர் பாட்டில், 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அடர் நைட்ரிக் அமிலம் லிட்டருக்கு 1.5 மி.லி. வீதம் சேர்த்து, பி.ஹெச். 2-க்குக் கீழே இறங்கியதைத் தாளில் பார்த்து மூடியது: கால்சியம், மெக்னீசியம், சோடியம், உலோகங்களுக்கு. மூன்றாவது நைட்ரேட்டுக்கு, ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் அளந்துவிட வேண்டும். நைட்ரேட் பாட்டிலை நைட்ரிக் அமிலத்தில் கழுவி எடுத்துவந்து, எல்லாக் கிணற்றிலும் நைட்ரேட் அதிகம் என்று அறிக்கை எழுதிய ஆய்வுகள் உண்டாகாமல் இருக்க, அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழுவலும் தனி மூடியும் வையுங்கள். நுண்ணுயிரி பார்ப்பதென்றால் நான்காவதாக, ஆய்வகம் கிருமி நீக்கிக் கொடுக்கும் பாட்டில் வேண்டும்; அதில் மட்டும் மேலே ஒரு அங்குலம் காலியாக விடுங்கள்.

கிணற்று எண்ணை மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறும். மார்க்கர் மை ஐஸ் நீரில் அழியும். பேப்பர் டேப் ஒட்டிப் பென்சிலில் எழுதினால் நிற்கும். வெளியிலிருந்து ஏதும் கலந்ததா என்று பார்க்க, நாளுக்கு ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த நீரைத் தோட்டத்திலேயே ஊற்றி மூடுங்கள். பத்துக் கிணற்றுக்கு ஒன்றில் இரட்டை மாதிரி எடுங்கள். இவை இரண்டும் இல்லாத தரவை நல்ல ஆய்விதழ் திருப்பி அனுப்பும்.

கார்பனேட் பிரச்சினை

கொங்குக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். வெளியே வந்ததும் அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது, பி.ஹெச். ஏறுகிறது, கால்சியம் கார்பனேட் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. ஒரு வாரம் கழித்து அளந்தால் கால்சியமும் பைகார்பனேட்டும் குறைந்திருக்கும். இரண்டும் சமமாகக் குறைவதால் அயனிக் கணக்கு சரியாகவே வரும். பிழை வெளியே தெரியாது. அதனால் காரத்தன்மையை அன்றைக்கே, முடிந்தால் தோட்டத்திலேயே பாருங்கள். 50 மி.லி. நீர், அதில் 0.02 நார்மல் கந்தக அமிலத்தை பி.ஹெச். 4.5 வரும்வரை விடுங்கள். செலவான மி.லி.யை 20-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட்டாகக் காரத்தன்மை, அதை 1.22-ஆல் பெருக்கினால் பைகார்பனேட்.

ஆய்வகத்தில்

கடினத்தன்மைக்கு 50 மி.லி. நீரில் பி.ஹெச். 10-இல் நிறுத்தும் பஃபர் கரைசல் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி போட்டு, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலால் ஒயின் சிவப்பு நீலமாகும்வரை டைட்ரேஷன் செய்யுங்கள். பஃபர் விட்ட ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்; தாமதித்தால் கார்பனேட் படிந்து நிறம் திரும்பத் திரும்பச் சிவக்கும். செலவு 15 மி.லி.யைத் தாண்டினால் மாதிரியை 25 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள்.

குளோரைடுக்குப் புத்தகம் 100 மி.லி. மாதிரி என்று சொல்லும். இங்கே அது சரிவராது. 0.0141 நார்மல் வெள்ளி நைட்ரேட் ஒரு மி.லி. அரை மில்லிகிராம் குளோரைடைப் பிடிக்கும். லிட்டருக்கு 1,000 மி.கி. குளோரைடு உள்ள நீரில் 100 மி.லி. எடுத்தால் 200 மி.லி. வெள்ளி நைட்ரேட் காலியாகும். 10 மி.லி. எடுத்து 100-க்கு நீர்த்துச் செய்தால் 20 மி.லி.யில் முடியும், வேதிப்பொருள் செலவும் குறையும்.

கணக்கு

எல்லா அயனிகளையும் மில்லி ஈக்விவலன்ட்டாக (மி.கி. அளவை அந்த அயனியின் சமான எடையால் வகுத்தது) மாற்றி, நேர்அயனி, எதிர்அயனி என்று இரண்டு பக்கமும் கூட்டுங்கள். மாதிரிக் கணக்கு: கால்சியம் 120 மி.கி.யை 20.04-ஆல் வகுக்க 5.99, மெக்னீசியம் 73 என்றால் 6.01; சோடியம் 345 என்றால் 15.01, பொட்டாசியம் 12 என்றால் 0.31. கூட்டல் 27.32. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 366 என்றால் 6.00, குளோரைடு 567 என்றால் 15.99, சல்பேட் 192 என்றால் 4.00, நைட்ரேட் 31 என்றால் 0.50. கூட்டல் 26.49. வித்தியாசம் 0.83, இரண்டின் மொத்தம் 53.81, பிழை 1.5 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். நேர்அயனிக் கூட்டலை நூறால் பெருக்கினால் ஏறக்குறைய தோட்டத்தில் அளந்த இ.சி. வரவேண்டும், இங்கே 2,730. பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால், மேலே சொன்ன கார்பனேட் படிவையோ பாட்டில் மாறியதையோ முதலில் சந்தேகப்படுங்கள். சோடியத்தை அளக்காமல், கணக்கு சமமாகும் எண்ணைப் போட்டு நிரப்பி எழுதுபவர்களுக்குப் பிழை எப்போதும் பூஜ்யம் வரும். தேர்வாளருக்கு அது உடனே தெரியும்.

இதே எண்களில் பாசனத்துக்கான சோடியம் விகிதம் 15.01-ஐ, கால்சியம் மெக்னீசியம் சராசரியான 6-இன் வர்க்கமூலம் 2.45-ஆல் வகுக்க, 6.1.

சாயமேற்றலில் சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் டன் கணக்கில் பயன்படுவதால், சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் உயர்ந்து நைட்ரேட் தாழ்ந்திருந்தால் சாயக்கழிவைச் சந்தேகிக்கலாம். குளோரைடோடு நைட்ரேட்டும் ஏறியிருந்தால் கட்டுத்தரை, கோழிப்பண்ணை, செப்டிக் டேங்க், உரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு கிணற்றை வைத்து ஒரு பட்டறையைக் கைகாட்டுவது ஆய்வாகாது. கிணறுகள் வரிசையாக, தூரம் கூடக்கூட அளவு குறைவதைக் காட்ட முடிந்தால்தான் சொல்லலாம்.

குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500:2012 சொல்லும் வரம்புகள், லிட்டருக்கு மி.கி.யில்: டி.டி.எஸ். 500, மாற்று நீர் இல்லாவிட்டால் 2,000 வரை, குளோரைடு 250, 1,000 வரை, கடினத்தன்மை 200, 600 வரை, ஃப்ளோரைடு 1.0, 1.5 வரை. நைட்ரேட் 45-க்குத் தளர்வு கிடையாது.

முடிவைத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கத்தில், தமிழில், குடிக்கலாமா, மாட்டுக்கு வைக்கலாமா, எந்தப் பயிருக்கு ஆகாது என்று எழுதிக் கொடுங்கள். நைட்ரேட் 45-ஐத் தாண்டிய கிணறு என்றால் அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்து சொல்லுங்கள்: கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க அந்தத் தண்ணீர் கூடாது, காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆய்வுக் கட்டுரையில் கிணற்றின் துல்லியமான ஜி.பி.எஸ். இடத்தையும் உரிமையாளர் பெயரையும் போடாதீர்கள். கிணற்றின் அளவுகள் வெளியே தெரிந்தால் நிலத்தின் விலை பாதிக்கும். வரைபடத்தில் ஊர் அளவுக்குக் காட்டினால் போதும்.