கவிதை எழுதுகிறவர் வாசிப்புத் துணை தேடிக்கொள்வது எப்படி?

பகலில் ஒரு வேலை, இரவில் கவிதை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் யாரும் கேட்பதும் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நாலு கைதட்டல், இரண்டு 'அருமை'. மனசு நிறையாது, ஏனென்றால் கவிதையை யாரும் படிக்கவில்லை என்று உங்களுக்கே தெரியும். எழுதுகிறவருக்குத் தெம்பு தருவது பாராட்டைவிடக் கவனமான வாசிப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரே ஒரு வாசகர்

கூட்டம் சேர்ப்பதெல்லாம் அப்புறம். கவிதை படிக்கிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவர் எழுதுகிறவராக இருக்க வேண்டியதில்லை. மூன்று கவிதைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதுதான் பதிலாக வரும். "எந்த இடத்தில் கவனம் விலகியது? எந்த வரி மனசில் நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

ஊரில் ஏற்கெனவே இருப்பது

கிளை நூலகம் பலவற்றில் வாசகர் வட்டம் உண்டு. நூலகரிடம் கேட்டால் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொல்வார். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் என்ற இரண்டு இலக்கிய அமைப்புகளுக்கும் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் சிறு பதிப்பகங்களின் அரங்குகளில் கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள். அங்கே வந்து போகிறவர்களில் பலர் எழுதுகிறவர்கள்தான். முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் உங்கள் கவிதையை எடுக்க வேண்டாம். மற்றவர்கள் வாசிப்பதைக் கேளுங்கள். கவியரங்க மேடையில் கைதட்டல் வாங்குகிற கவிதைக்கும் தனியே படிக்க வேண்டிய கவிதைக்கும் தேவை வேறு. உங்களுடையது எது என்று அங்கே பிடிபடும்.

சொந்த வட்டம்

சரி, ஊரில் எதுவுமே இல்லை என்றால்? நான்கைந்து பேர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரே இடம், ஒரே நேரம். பள்ளி வகுப்பறை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, எதுவானாலும் சரி. ஆனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆள் குறையும்.

நடத்தும் முறை இதுதான். கவிதையை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள், பெயர் போட வேண்டாம். எழுதியவரை விட்டு வேறொருவர் இரண்டு முறை உரக்க வாசிக்கட்டும். உங்கள் வரி இன்னொருவர் வாயில் எங்கே தடுக்குகிறது என்று உட்கார்ந்து கேட்பதே பெரிய பாடம். பேச்சு முடியும்வரை எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது. பேசுகிறவர்கள் வரியைச் சுட்டித்தான் பேச வேண்டும்.

எடுத்துக்காட்டாக இப்படி ஒரு கவிதை வருகிறது என்று வையுங்கள்:

இன்னும்
அப்பா பெயருக்கே வருகிறது
வீட்டு வரி ரசீது
காலத்தின் கொடுமை

"உருக்கமாக இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்தால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. "மூன்றாவது வரியிலேயே அப்பா இல்லை என்று தெரிந்துவிட்டது. நான்காவது வரி எதற்கு?" என்று ஒருவர் கேட்டால், எழுதியவர் அன்று வீட்டுக்குப் போய் மறுபடி எழுதுவார். அந்தக் கேள்வியைக் கேட்கிற அளவுக்கு ஒருவர் தன் வரிகளோடு இருந்திருக்கிறார் என்பது எழுத்தாளருக்குப் பெரிய தெம்பு.

இப்படித்தான் நம் புதுக்கவிதையும் கால் ஊன்றியது. சென்னையில் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது அது சிறிய இதழ்தான். ஆனால் திருகோணமலையில் இருந்த தருமு சிவராமு என்ற இளைஞர் எழுதி அனுப்ப அங்கே ஓர் இடம் இருந்தது. அவர்தான் பின்னாளில் பிரமிள் என்று பெயர் பெற்ற கவிஞர். 1962-இல் 24 பேருடைய கவிதைகளைச் சேர்த்து 'புதுக்குரல்கள்' தொகுப்பையும் செல்லப்பா கொண்டுவந்தார். பிறகு, கோவையில் 1971-இல் தொடங்கிய 'வானம்பாடி' இதழும், கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய கவிதைப் பட்டறைகளும் பலருக்குத் துணையாக இருந்தன.

இதழுக்கு அனுப்புவது

அனுப்ப நினைக்கும் இதழின் இரண்டு மூன்று வெளியீடுகளையாவது வாங்கிப் படித்துவிட்டு அனுப்புங்கள். நான்கைந்து கவிதைகள், ஒருங்குறியில் (யூனிகோடு), சுருக்கமான கடிதத்தோடு போதும். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். பதில் வராமல் போவது சகஜம். இரண்டு மாதம் கழித்து ஒருமுறை கேட்கலாம்.

பணம் கட்டினால் தொகுப்பில் இடம், சான்றிதழ், 'கவிச்செம்மல்' பட்டம் என்று அழைப்புகள் வரும். தயவுசெய்து ஒதுங்கிவிடுங்கள். அந்தத் தொகுப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில் எழுதியவர்களே. அந்தப் பணத்துக்கு நல்ல கவிதை நூல்கள் வாங்கலாம்.

நீங்களும் எழுதிப் போடுங்கள்

பிடித்த கவிதை ஒன்று இதழில் வந்தால், எழுதியவருக்கு இதழின் முகவரி வழியாக நாலு வரி எழுதுங்கள். எந்த வரி, ஏன் பிடித்தது என்று மட்டும். உங்கள் கவிதையை அதோடு இணைக்காதீர்கள், அது வேறு கணக்காகிவிடும். பதில் வந்தால் வரட்டும். இப்படித் தொடங்கிய பழக்கங்கள்தான் பிறகு நீண்ட நட்பாகின்றன.

வட்டம் தொடங்கி நாலைந்து மாதத்தில் ஆள் வராமல் போகும், ஒரு ஞாயிறு இரண்டு பேர்தான் இருப்பீர்கள். தள்ளிவைக்காதீர்கள். அன்றைக்கு ஆளுக்கொரு கவிதையை எடுத்து, ஒன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். ஐந்து பேர் இருந்தால் அவ்வளவு நேரம் கிடைக்காது.