பாட்டு முடிந்த பிறகு தொடங்கும் படம்: மாணவர் மியூசிக் வீடியோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்களில் சிலர், இறுதியாண்டுக் குறும்படத்துக்குப் பதிலாகத் தெரிந்த இசைக்குழு ஒன்றுக்கு மியூசிக் வீடியோ எடுத்துத் தருகிறார்கள். குழுவிடம் பாட்டு இருக்கிறது, பணம் இல்லை. மாணவர்களிடம் கல்லூரிக் கேமரா இருக்கிறது, கதை இல்லை. இரு தரப்புக்கும் பொருந்தி வரும் ஏற்பாடுதான். ஆனால் எடிட்டிங் மேசைக்கு வரும்போது இந்த வீடியோக்களில் பாதி திணறுகின்றன. கேமரா மட்டமானது, லைட் போதவில்லை என்று மாணவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மியூசிக் வீடியோவைச் சின்னக் குறும்படமாக நினைத்து எடுப்பதிலிருந்துதான் பெரும்பாலான குளறுபடிகள் கிளம்புகின்றன.

குறும்படத்தில் ஒரு காட்சி இரண்டு நிமிடம் ஓடலாமா, மூன்று நிமிடம் ஓடலாமா என்பதை எடிட்டிங்கில் முடிவு செய்துகொள்ளலாம். மியூசிக் வீடியோவில் அந்தச் சுதந்திரம் கிடையாது. பாட்டு மூன்று நிமிடம் ஐம்பது நொடி என்றால் படமும் அவ்வளவுதான். எந்த நொடியில் பல்லவி திரும்ப வரும், எந்த நொடியில் டிரம்ஸ் நிற்கும் என்பதெல்லாம் நீங்கள் கேமராவைத் தொடும் முன்பே எழுதப்பட்டுவிட்டன.

முடியாத பாட்டுக்குப் படம் எடுப்பது

அதிக நஷ்டம் தரும் தவறு இது. "மிக்ஸிங் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லி இசைக்குழு ஒரு டெமோவை வாட்ஸப்பில் அனுப்பும். மாணவர்கள் அதை வைத்துப் படப்பிடிப்பை முடித்துவிடுவார்கள். பிறகு இறுதிப் பாட்டு வந்து சேரும். பாட்டு கொஞ்சம் இழுவையாக இருக்கிறது என்று டிரம்மருக்குத் தோன்றியிருக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று இருந்த டெம்போவை 122 ஆக்கியிருப்பார்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது. கணக்கில் தெரியும்: 120இல் மூன்று நிமிடம் ஓடிய பகுதி 122இல் ஏறத்தாழ மூன்று நொடி முன்னதாகவே முடிந்துவிடும். மூன்று நொடி விலகினால் பாடகர் வேறொரு வரியைப் பாடிக்கொண்டிருப்பார்.

டெம்போ மட்டும் மாறியிருந்தால் படத்தின் வேகத்தையும் அதே விகிதத்தில் கூட்டிச் சமாளிக்கலாம். குரலைத் திரும்பப் பாடிப் பதிவு செய்திருந்தால் வழியே இல்லை. ஒரு சொல்லை முன்பு இழுத்திருப்பார், இப்போது வெட்டியிருப்பார்; மூச்சு வேறு இடத்தில் விழும். வாயசைப்பு ஷாட்கள் அத்தனையும் வீண். ஆகவே இசைக்குழுவிடம் "பாட்டு ரெடியா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எல்லாக் குழுவும் ரெடி என்றுதான் சொல்லும். இறுதிக் குரல் இதுதானா, டெம்போ இதுதானா, நீளம் இதுதானா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் மிக்ஸிங் பாக்கி இருப்பதில் கேடில்லை. அதன் பிறகு வேவ் (சுருக்கப்படாத ஒலிக்) கோப்பை வாங்கி, படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் அந்த ஒரே கோப்பைப் பயன்படுத்துங்கள்.

பதினாறு நொடியில் ஒரு வாழ்க்கை வரலாறு

கையில் கிடைத்த பாட்டை மாணவர்கள் நூறு முறை கேட்கிறார்கள், எண்ணுவதில்லை. 120 டெம்போ என்றால் ஒரு தட்டு அரை நொடி. 24 ஃபிரேம் வேகத்தில் அது சரியாகப் பன்னிரண்டு ஃபிரேம். நான்கு தட்டு கொண்ட ஒரு பார் இரண்டு நொடி. மூன்று நிமிடம் ஐம்பது நொடிப் பாட்டில் 115 பார்கள் இருக்கும். ஒரு தாளில் 115 கட்டங்கள் போட்டு, முன்னிசை, பல்லவி, சரணம், கிட்டார் தனி என்று பென்சிலால் பிரித்துப் பாருங்கள். எட்டு பார் முன்னிசை என்பது வெறும் பதினாறு நொடி என்று அப்போதுதான் உறைக்கும்.

அந்தப் பதினாறு நொடிக்குள் நாயகன் கண் விழித்து, பல் துலக்கி, அம்மாவிடம் சண்டை போட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு, பழைய காதலியை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். வசனமும் கிடையாது. பார்ப்பவருக்கு அவள் காதலியா தங்கையா என்பதே புலப்படாது. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற நிலைமை ஒன்று போதும். பூட்டிய கடைக்கு வெளியே குழுவினர் வாசிக்கிறார்கள், பாட்டு முடிவதற்குள் கடை திறந்துவிடுகிறது என்பது போல. கட்டங்களில் அடங்காத எதையும் எழுத்திலேயே வெட்டிவிடுவதுதான் செலவு குறைவு.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கமும் உண்டு. வரியில் மழை வந்தால் திரையில் மழை, வரியில் சிறகு வந்தால் திரையில் புறா. தமிழ்ப் பாட்டைத் தமிழர் கேட்கிறார். சொல் ஏற்கெனவே அவர் காதில் விழுந்துவிட்டது. அதையே கண்ணுக்கும் காட்டுவதில் என்ன மிச்சம்?

பிளேபேக்கை அலட்சியம் செய்வது

சினிமாப் படப்பிடிப்பில் பாட்டை ஒலிக்கவிடுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய நாக்ரா என்ற டேப் கருவி அந்த வேலைக்குப் பயன்பட்டதால், கோடம்பாக்கத்தில் அந்த வேலைக்கே நாக்ரா என்று பெயர் நிலைத்துவிட்டது. மாணவர் படப்பிடிப்பில் அந்த நாற்காலி காலியாக இருக்கும். யாராவது ஒருவர் கைபேசியில் பாட்டைப் போடுவார், நடுவில் அழைப்பு வரும், பாட்டு நின்றுபோகும். ஒரே ஓர் ஆளை இந்த வேலைக்கு மட்டும் நிறுத்துங்கள். நல்ல சத்தமுள்ள ஸ்பீக்கர், ஒயர் இணைப்பு. பாட்டுக்கு முன்னால் நான்கு தட்டு எண்ணிக்கை சேர்த்த ஒரு பிரதி; அது இல்லாவிட்டால் முதல் சொல்லை எல்லா டேக்கிலும் பாடகர் தாமதமாகவே தொடங்குவார். பல்லவியிலிருந்து, சரணத்திலிருந்து தொடங்கும் துண்டுப் பிரதிகளையும் அப்படியே தயார் செய்துகொள்ளுங்கள்.

கேமராவில் பதிவாகும் ஒலி மோசமாக இருந்தாலும் அதை அணைத்துவிடாதீர்கள். எடிட்டிங் மென்பொருள் அதைப் பாட்டோடு ஒப்பிட்டுத்தான் ஷாட்டைத் தானாகப் பொருத்தும். தொலைவிலிருந்து எடுக்கும் ஷாட்டில் மட்டும் அதை முழுதாக நம்பக்கூடாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பாடகரும் ஸ்பீக்கரும் கடற்கரையில் 34 மீட்டர் தள்ளி நிற்க, நீங்கள் நீண்ட லென்ஸில் எடுத்தால், கேமராவுக்குப் பாட்டு பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும். உதடு அந்த நொடியே பதிவாகிவிடும். மென்பொருள் ஒலியைச் சரியாகப் பொருத்திவிட்டு, உதட்டை ஏறத்தாழ இரண்டரை ஃபிரேம் முந்தவிடும். ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று தெரியாது. இப்படிப்பட்ட ஷாட்களில் ப, ம வரும் சொற்களைத் தேடுங்கள். அந்த எழுத்துகளுக்கு உதடு மூடியே ஆக வேண்டும். மூடும் ஃபிரேமைப் பிடித்துக் கையால் நகர்த்துங்கள்.

கைபேசியில் எடுத்த ஷாட்களில் தொல்லை வேறு. பல கைபேசிகள் ஃபிரேம் வீதத்தைச் சீராக வைத்திருப்பதில்லை. பாட்டின் தொடக்கத்தில் பொருந்தியது முடிவில் விலகி நிற்கும். எடிட்டிங் தொடங்கும் முன் சீரான வீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்லோமோஷனில் பாடகர் பாட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். 24 ஃபிரேம் படத்துக்கு 48இல் எடுக்கிறீர்கள் என்றால், படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். பாடகரும் அதே வேகத்தில் பாட வேண்டும். படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கும்போது உதடு பாட்டோடு சேர்ந்துகொள்ளும், தலைமுடியும் துணியும் மிதக்கும். படப்பிடிப்புக்கு வந்த பிறகு இதைச் சொன்னால் பாடகர் திணறுவார். பயிற்சிப் பிரதியை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். இன்னொன்று, பல கேமராக்களில் ஸ்லோமோஷன் அமைப்பில் ஒலி பதிவாகாது. டேக்கின் தொடக்கத்தில், ஓடும் பாட்டின் நேரத்தைக் காட்டும் திரையை லென்ஸுக்கு முன்னால் ஒரு கணம் பிடித்துவிட்டால் பிறகு தேடித் தவிக்க வேண்டாம்.

பாடகர் உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று விட்டுவிடுவதும் தவறுதான். உண்மையிலேயே குரலெடுத்துப் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு, மார்பு, கண் எல்லாம் அப்போதுதான் ஒத்துழைக்கும். டிரம்மரும் நிஜமாகவே அடிக்க வேண்டும், ஆனால் அவர் அடித்தால் பிளேபேக் யாருக்கும் கேட்காது. சிம்பலுக்கு அடியில் கேமராவுக்குத் தெரியாமல் துணி ஒட்டலாம், அவர் காதில் சின்ன இயர்போன் வைக்கலாம். எலெக்ட்ரிக் கிட்டாரில் கேபிள் செருகாமல் வாசிப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். கருத்துப் பகுதியில் முதலில் வந்து சொல்பவர் அதைத்தான் சொல்வார். குழுவில் பறை இருந்தால், நெருப்பில் தோலைக் காய்ச்சுவதற்கு இடமும் நேரமும் ஒதுக்குங்கள். பதிவாகப் போகும் ஒலி அது இல்லையே என்று கேட்காதீர்கள். தோல் தளர்ந்திருந்தால் குச்சி திரும்பி எழும் விதமே மாறிவிடும், வாசிப்பவரின் உடலும் அதற்கேற்பச் சோர்ந்துவிடும்.

வாசிப்பவர்களை மிச்ச நேரத்துக்குத் தள்ளுவது

கதைக் காட்சிகளுக்குக் காலையிலிருந்து மாலை வரை செலவழித்துவிட்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் "வாங்க, பாட்டையும் எடுத்துவிடலாம்" என்று குழுவினரைக் கூப்பிடுவது மாணவர் வழக்கம். பல்லவியை மட்டும் நாலைந்து முறை எடுத்துத் திரும்புவார்கள். கதைக் காட்சி ஏதாவது ஒன்று எடிட்டிங்கில் ஒட்டாமல் போனால் அந்த ஓட்டையை அடைக்க எதுவும் இருக்காது. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்கவிட்டு அகலமாக ஒரு முறை, பாடகரை நடுத்தர அளவில் ஒரு முறை, நெருக்கத்தில் ஒரு முறை. பிறகு ஒவ்வொரு வாத்தியமும் முன்னுக்கு வரும் பார்களில் அவரவர் கை. இவ்வளவு இருந்தால், மற்ற எல்லாம் பாழானாலும் ஒரு வீடியோ கையில் இருக்கும்.

ஆட்கள் கூடக் கூடச் சிக்கலும் கூடும். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியபோது கானா, ராக், ராப், பறை எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அப்படியொரு பெருங்கூட்டத்தை வரிசையாக நிறுத்தி எடுத்தால் கல்யாண வீட்டுக் குரூப் ஃபோட்டோவாகிவிடும். முன்பு போட்ட கட்டத் தாளை எடுத்து, எந்தப் பாரில் யார் முகம் என்று பெயர் எழுதுங்கள். வீடியோ வெளியான பிறகு பேஸ் கிட்டார் வாசித்தவரின் அம்மா கேட்கும் கேள்விக்கும் அந்தத் தாளே பதில்.

வெளிச்சமும் இடமும்

மெரினாவில் கடலுக்குள் சூரியன் மறையும் ஷாட் வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெரினா கிழக்குக் கடற்கரை. அங்கே கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும். விடியும் முன்பே குழுவைக் கூட்டிவர முடியுமா என்று யோசித்துவிட்டு ஸ்டோரிபோர்டு வரையுங்கள். உதயத்தின் மஞ்சள் வெளிச்சம் நம் ஊரில் சீக்கிரமே வெளுத்துவிடும், வாயசைப்புக்கு ஒரு முழு டேக் கிடைத்தாலே பெரிது.

அறைக்குள் எடுத்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை நினைவில் வையுங்கள். நம் விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். அமெரிக்கப் பயிற்சி வீடியோவைப் பார்த்து 60 ஃபிரேம், 1/120 என்று வைத்தால் திரை முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். மலிவான சீரியல் விளக்குகள் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படுவதில்லை, முந்தைய நாளே எடுத்துப் பாருங்கள்.

ரயில் நிலையம், மெட்ரோ, கடற்கரை எதுவானாலும் அனுமதி தனித்தனி. "மாணவர்கள்தானே" என்ற சமாதானம் காவலரிடம் சில நேரம் எடுபடும், இருபது பேரும் டிரம்ஸ் செட்டும் நிற்கும்போது எடுபடாது. ட்ரோன் பறக்கவிடுபவர்கள் 2021 ட்ரோன் விதிகளைப் படித்துவிடுங்கள். 250 கிராமுக்குக் குறைந்தது என்றாலும் சிவப்பு மண்டலத்தில் (ட்ரோன் வரைபடத்தில் தடைப் பகுதியாகக் குறித்த இடத்தில்) அனுமதியின்றிப் பறக்கக்கூடாது.

எடிட்டிங்கில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு வைக்காதீர்கள். அரை நொடிக்கு ஒரு முறை படம் மாறினால் முதல் சரணத்துக்குள் கண் களைத்துவிடும், பிறகு டிரம்ஸ் உண்மையிலேயே வெடிக்கும் இடத்தில் கையில் எதுவும் மிச்சம் இருக்காது.

எழுதிக்கொள்ளாமல் விடுவது

நண்பர்களுக்குள் என்ன ஒப்பந்தம் என்று இதைத் தள்ளிப்போடுவார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடல் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு மூன்றையும் தனித்தனிப் படைப்புகளாகப் பார்க்கிறது. வரி எழுதியவர் குழுவுக்கு வெளியே உள்ள நண்பர் என்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். அதே சட்டத்தில், எடுத்த படத்தின் ஆசிரியர் என்று கருதப்படுபவர் இயக்குநர் அல்ல, தயாரிப்பாளர். கேமரா கல்லூரியுடையது, சாப்பாட்டுச் செலவு குழுவுடையது, உழைப்பு உங்களுடையது என்றால் தயாரிப்பாளர் யார்? இந்தக் கேள்வியைப் படப்பிடிப்புக்கு முன்னால் கேட்டால் சிரிப்பார்கள், வீடியோ பரவிய பிறகு கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டின் பாடகி தீ இடம்பெற, அதை எழுதிப் பாடிய அறிவு இடம்பெறாததற்கு எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். இதழ் பின்பு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. உங்கள் வீடியோவில் லைட் பிடித்த முதலாமாண்டு மாணவியின் பெயரும் சரியான எழுத்துகளில் வர வேண்டும், வெளியீட்டுக்கு முன் எல்லாரிடமும் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

யார் சேனலில் வெளியிடுவது, எந்தத் தேதியில், விழாக்களுக்கு அனுப்பலாமா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். குழு பாட்டை விநியோக நிறுவனம் வழியாக வெளியிட்டிருந்தால், நீங்கள் எடுத்த வீடியோவையே உங்கள் சேனலில் ஏற்றும்போது யூடியூப் உரிமைக்கோரல் அனுப்பக்கூடும். ஷோரீலுக்கு (உங்கள் வேலையைக் காட்டும் தொகுப்பு வீடியோவுக்கு) முப்பது நொடி பயன்படுத்திக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்கிவையுங்கள். இன்னொரு சாத்தியமும் உண்டு. சுயாதீனக் குழுக்களில் ஆட்கள் மாறுவது சகஜம். படப்பிடிப்பு முடிந்து, பாட்டு வெளியாகும் முன்பே கிட்டாரிஸ்ட் குழுவை விட்டுப் போய்விட்டால், அவர் முகமுள்ள ஷாட்களை வைத்துக்கொள்வதா, யார் செலவில் திரும்ப எடுப்பது என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்து, அவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.