தடவிப் பார்க்கட்டும் என்று நாயைப் பிடித்துக்கொடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய வீடுகளைப் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் தெருவை அடைத்து நின்றது. எதிர்வீட்டுப் பையன் தன் சிப்பிப்பாறை நாயின் சங்கிலியை முஷ்டியில் சுருட்டிக்கொண்டு, "ஒன்றும் செய்யாது, தடவிப் பாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாய் கொட்டாவி விட்டது. 12 ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன்.

சாப்பிடும் நாயைத் தொடாதே, தூங்கும் நாயை எழுப்பாதே என்பதெல்லாம் ஆச்சி சொல்லியே நமக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நாயைத் தடவக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உறுமியதற்கு அடிப்பது

என் நாய் இராஜபாளையம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. கேட்பானேன், வருகிறவர் கையெல்லாம் நீளும். வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அயலாரிடம் லேசில் சேராத இனம் அது. தெரிந்தும் எனக்கு, என் நாய் எவ்வளவு சாது என்று காட்டும் ஆசை.

ஒரு மாலை உறவினர் ஒருவர் குனிந்து அதன் தலைமேல் கை வைத்தார். நாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. மூக்கை நக்கியது. கடைக்கண்ணில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. கடைசியில்தான் உறுமியது. விருந்தாளி முன் மானம் போயிற்றே என்று சுருட்டிய நாளிதழால் மூக்கில் ஒன்று வைத்தேன்.

நான்கைந்து முறை அப்படி அடித்த பிறகு உறுமல் நின்றது. பழக்கிவிட்டேன் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பயம் அப்படியேதான் இருந்தது. அதைச் சொல்லும் வாயைத்தான் அடைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, தடவ வந்த பக்கத்து வீட்டுப் பையனின் கையைச் சத்தமே இல்லாமல் கவ்வியது. ஆத்தங்குடிக் கல் தரையில் ரத்தம் சொட்டியது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிலும் வெறிநோய்க்கு எதிரான சீரம் ஏற்றினார்கள். பிறகு 0, 3, 7, 28ஆம் நாள் என்று ஊசி. "நாய்க்குத்தான் தடுப்பூசி போட்டிருக்கிறதே" என்று அங்கேயும் வாதாடினேன். அந்த நினைப்பு வந்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஊரோ, "திடீரென்று கடித்துவிட்டது" என்றது.

இப்போது நாய் உறுமினால் அதனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதை அழைத்துக்கொண்டு நாலடி பின்னால் போவேன். வந்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்வேன், அவ்வளவுதான்.

சங்கிலியைக் குறுக்குவது

ஒதுங்க வழியில்லாத நாய்க்குப் பல்தான் மிச்சம்.

வந்தவர் கையில் பிஸ்கட் கொடுப்பது

ஆசை நாயை இழுத்து வரும். பிஸ்கட் தீர்ந்ததும்தான் தெரியாதவர் கைக்குக் கீழே நிற்பது அதற்கு உறைக்கும். பிஸ்கட்டை நாய்க்குப் பின்னால் வீசச் சொல்லுங்கள். விலகிப் போய்த் தின்னட்டும்.

வாலை நம்புவது

இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு, விறைத்து நின்று நுனி துடிக்கும் வால் வேறு. முன்னது நட்பு, பின்னது எச்சரிக்கை.

தலையில் தொடங்குவது

பக்கவாட்டில் நில்லுங்கள். நாயாக வந்து முகர்ந்த பிறகு மார்பிலோ தோளிலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். மறுபடி வந்து ஒட்டினால் தொடரலாம்.

சிறு குழந்தையை நாயோடு தனியே விடுவது

விடாதீர்கள்.

கானாடுகாத்தானில் அந்த எதிர்வீட்டுப் பையனிடம் போய், நாய்க்குப் பிடிக்கவில்லை, கொட்டாவி விடுகிறது பார் என்றேன்.

"தூக்கமாக இருக்கும் அண்ணே."

"காலை பத்து மணிக்கா?"

சங்கிலியைத் தளர்த்தினான். நாய் கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைத் தாண்டி உள்ளே போய்விட்டது.