எட்டு விளக்கும் எரிந்தால் போதாது: நெட்வொர்க் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி லேபுகளில் ஒவ்வொரு புது பேட்ச்சும் அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறது. பிளக் சொருக மறப்பதும் பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பதும் இரண்டு நாளில் தானாகத் தீரும். கேபிள் முனையில் நடக்கும் தவறு அப்படித் தீராது.

ஜோடியைப் பிரித்துக் கிரிம்ப் செய்வது

கேட் 5இ என்ற நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய ஜோடிகள். அவற்றைக் கனெக்டரில் சொருகி நசுக்கிப் பிடிக்கவைப்பதுதான் கிரிம்ப். பழகுபவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறார். மறுமுனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காக எரிகிறது. "சார், ஓகே" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

சாதாரண டெஸ்டர் பார்ப்பது கம்பி அறுபடாமல், அந்தந்த எண்ணுக்குப் போகிறதா என்பதை மட்டும்தான். கம்ப்யூட்டரோ கனெக்டரின் 3, 6 ஊசிகளை ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்கிறது. இந்த வரிசையில் 3-ல் வெள்ளை-பச்சை, 6-ல் நீலம். ஒன்றோடொன்று முறுக்காத கம்பிகள்! பக்கத்து ஜோடியின் இரைச்சலை அடக்குவதே அந்த முறுக்குதான்.

மேசைமேல் 2 மீட்டர் கேபிளில் குறை தெரியாமலும் போகலாம், ஆபத்தே அதில்தான். 40 மீட்டர் கன்ட்யூட் குழாயில் மாடிக்குப் போனதும் லிங்க் விட்டுவிட்டு வரும், ஃபைல் காப்பி பாதியில் நிற்கும். சிசிடிவி போட்ட கடைக்காரர் முதலில் கேமராவை மாற்றுவார், பிறகு ஸ்விட்ச்சை. சில ரூபாய் கனெக்டரில் இருக்கும் குறைக்கு ஆயிரக்கணக்கில் செலவு. டெஸ்டரை நம்பி இன்னும் இதை விட்டுவிடுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கிளிப் கீழே, கேபிள் நுழையும் வாய் உங்கள் பக்கம் இருக்கும்படி கனெக்டரைப் பிடித்தால் இடப்பக்கம் 1. டி568பி என்ற நிலையான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளியுறையும் கனெக்டருக்குள் நுழைந்து பிடிபட வேண்டும். கன்ட்யூட்டை மூடுமுன் இரு முனையிலும் ஜிகாபிட் லேப்டாப் மாட்டி, வேகம் 1 ஜிபிபிஎஸ் காட்டுகிறதா என்று பார்த்து, 2 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள்.

முனையில் ஓரடி உபரி விட்டிருந்தால் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்துகொள்ளலாம். ஒட்ட நறுக்கியிருந்தால் புதுக் கேபிள்தான்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிள்

உள்கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். கொளச்சல், முட்டம் உப்புக் காற்றில் அது சீக்கிரம் அரித்துப்போகும்.

பிங் வரவில்லை என்றதும் கேபிளைப் பிடுங்குவது

பிங் என்பது எதிர்முனைக் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை; அங்குள்ள விண்டோஸ் ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி அட்ரஸைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடியுங்கள். 169.254 என்று தொடங்கினால், அட்ரஸைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபியிடமிருந்து அட்ரஸ் வரவில்லை. அட்ரஸ் சரியென்றால் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரை, பிங் செய்யுங்கள்.

இரண்டாவது ரவுட்டர்

லேன் போர்ட்டில் இணைக்கும் முன் அதன் டிஎச்சிபியை அணையுங்கள்.

தோப்பு வழியே செம்புக் கேபிள்

கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குத் தென்னைமரத்தில் கட்டி இழுக்கிறார்கள். சித்திரை, ஐப்பசி மாத மாலை இடியில் இரு பக்க ஸ்விட்ச்சும் போகும். அங்கே ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள்; உள்ளே தாங்குகம்பி இரும்பாக இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.