டிரெய்லரில் தண்ணீர் டேங்க்: இடம் பார்க்காமல் வைப்பதால் வரும் தவறுகள்

ஆஃப்ரோடு டிரெய்லர், அதாவது கரடுமுரடான பாதையில் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் கட்டுகிறவர்கள் டயர், சஸ்பென்ஷன், கூடாரம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். தண்ணீர் டேங்கை மட்டும் கடைசியில் எந்த இடம் மிச்சம் கிடக்கிறதோ அங்கே சொருகிவிடுவார்கள். பெரும்பாலும் அது பின்பக்கம்தான், ஏனென்றால் முன்னால் இருக்கிற இடத்தை டூல்பாக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும்.

டிரெய்லரில் ஏற்றுகிற மற்ற சாமான்கள் போகும்போது எவ்வளவோ, திரும்பும்போதும் ஏறக்குறைய அவ்வளவுதான். தண்ணீர் அப்படி இல்லை. லிட்டருக்கு ஒரு கிலோ, 100 லிட்டர் டேங்க் என்றால் 100 கிலோ, அது நாளுக்கு நாள் குறையும், பாதி இருந்தால் உள்ளே ஆடவும் செய்யும். அதனால் டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் டிரெய்லர் சரியாக இருந்தால் போதாது. பாதியிலும் காலியிலும் சரியாக இருக்க வேண்டும். கீழே சொல்கிற தவறுகளில் பாதி, இந்த ஒன்றை மறந்ததால் வருவதுதான்.

முதலில் கணக்கு. டிரெய்லரின் ஹிட்சிலிருந்து (வண்டியோடு மாட்டுகிற முன்முனை) சக்கர அச்சு வரை 3 மீட்டர், தண்ணீர் இல்லாமல் மொத்த எடை 900 கிலோ, அதில் ஹிட்ச் மேல் இறங்குவது 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 9 சதவீதம், நல்ல நிலை. இப்போது அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் 100 லிட்டர் டேங்க் வைத்து நிரப்பினால், நெம்புகோல் கணக்குப்படி ஹிட்ச் எடையில் 30 கிலோ குறையும். மொத்தம் 1000 கிலோ, ஹிட்சில் வெறும் 50, அதாவது 5 சதவீதம். அதே டேங்க் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் ஹிட்சில் 110 கிலோ, 11 சதவீதம், தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி 9. அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வேண்டும் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் 10 அளவில் சொல்வார்கள், ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாகவே வைக்கிறார்கள். எந்த அளவை எடுத்தாலும், ஹிட்ச் எடை குறையக் குறைய வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும் என்பது மட்டும் மாறாது.

பின்னால் வைத்த டேங்கின் மோசமான குணம் இன்னொன்று உண்டு. டேங்க் எப்போது முழுசாக இருக்கும்? கிளம்புகிற அன்று. அன்றுதான் நல்ல தார் ரோட்டில் வேகமாகவும் போவீர்கள். ஹிட்ச் எடை ஆகக் குறைவாக இருப்பதும் வேகம் ஆக அதிகமாக இருப்பதும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

சரி, அப்படியானால் டேங்கை முடிந்த மட்டும் முன்னால் தள்ளிவிடலாமா? அதுவும் தவறுதான். ஹிட்ச் மேல் இறங்குகிற எடை, இழுக்கிற வண்டியின் பின் அச்சில் அப்படியே போய் உட்காராது, அதைவிடக் கூடுதலாக உட்காரும். டவ் பால் (ஹிட்ச் உட்காருகிற உருண்டை) பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது, வண்டியின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 2.8 மீட்டர் என்றால், 110 கிலோ ஹிட்ச் எடைக்குப் பின் அச்சில் 157 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 47 கிலோ கழன்றுவிடும். மணலில் ஸ்டியரிங் பிடிக்கவில்லை, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது என்றால் காரணம் இதுதான். டவ் பால் பொருத்தியிருக்கிற டவ் பாருக்கென்று வண்டித் தயாரிப்பாளர் ஓர் உச்ச எடை கொடுத்திருப்பார், சதவீதக் கணக்கு எதைச் சொன்னாலும் அதைத் தாண்டக் கூடாது. டேங்குக்குச் சரியான இடம் அச்சின் மேலே, அல்லது அச்சை ஒட்டிக் கொஞ்சம் முன்னால், முடிந்தவரை தாழ்வாக.

ஹிட்ச் எடை கூடிவிட்டது என்று பார்த்ததும் பலர் செய்வது, பின்பக்கம் ஸ்பேர் வீலையும் ஜெர்ரி கேன்களையும் மாட்டிச் சமன் செய்வது. எடை மெஷினில் எண் அழகாக வந்துவிடும், ரோட்டில் ஒன்றும் சரியாகாது. நீளக் கம்பின் இரண்டு முனையிலும் குடம் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறவர் சட்டென்று திரும்பிப் பார்க்கட்டும், திரும்புவதும் கஷ்டம், திரும்பிய பிறகு நிற்பதும் கஷ்டம். அச்சிலிருந்து இருக்கிற தூரம் இரண்டு மடங்கானால் இந்தக் குணம் நான்கு மடங்காகும். அதனால் முன்னால் கூடிய எடையைச் சரிசெய்ய வழி, அதையே அச்சுப் பக்கம் நகர்த்துவதுதான். பின்னால் எதிர் எடை கட்டுவது இல்லை.

கழிவுநீர் டேங்கை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நல்ல தண்ணீர் முன்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் பின்னால் என்று அமைத்தால், நீங்கள் சமைக்கச் சமைக்க எடை முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. மேலே சொன்ன அதே டிரெய்லரில் 50 லிட்டர் அப்படி இடம் மாறி, கழிவு டேங்க் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால், ஹிட்ச் எடை 110 கிலோவிலிருந்து 70-க்கு இறங்கிவிடும். மொத்த எடை ஒரு கிலோகூட மாறாமல்! அதற்கான இடம் இருக்கிற ஊராகப் பார்த்து, கிளம்பும் முன் கழிவு டேங்கைக் காலி செய்துவிட்டுப் போவது நல்லது.

இடது வலது விஷயமும் இதே கதைதான். ஃபிரிட்ஜ், பேட்டரி, அடுப்பு எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டதென்று மறுபக்கம் தண்ணீர் டேங்கை வைத்துச் சமன் செய்தால், பயணத்தின் கடைசியில் டிரெய்லர் ஒருபக்கம் சாய்ந்துதான் வீடு வரும். அசையாத எடையை அசையாத எடையால் சமன் செய்யுங்கள். பேட்டரியை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். தண்ணீர் நடுவில் இருக்கட்டும்.

டேங்குக்கு உள்ளே ஆடுகிற ஆட்டத்துக்கு வருவோம். அகலமான, தட்டையான, தடுப்பே இல்லாத டேங்க் பாதி நிரம்பியிருக்கும்போது சரிவில் தண்ணீர் மொத்தமும் பள்ளப் பக்கம் ஓடும், எந்தப் பக்கம் சாயக் கூடாதோ அந்தப் பக்கமே எடை சேரும். உள்ளே தடுப்புத் தட்டு உள்ள டேங்க் வாங்குங்கள். இன்னும் நல்லது, 100-க்குப் பதில் இரண்டு 50 லிட்டர் டேங்க், தனித்தனி வால்வுடன், அச்சுக்கு முன்னால் ஒன்றும் அதை ஒட்டி இன்னொன்றுமாக. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இரண்டும் பாதியாகி, இரண்டும் ஆடும், எனவே ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் இன்னொன்று கையில் இருக்கும், பாலைவனத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்.

மேலே ரேக்கில் தண்ணீர் கேன் வைப்பதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம்.

சேஸிஸுக்கு அடியில் தொங்கவிடுவது நல்ல யோசனைதான், ஆனால் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு அளவெடுத்தால் தவறிவிடும். சஸ்பென்ஷன், அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் வரை முழுசாக அமுங்கும்போது அச்சும் டயரும் எங்கே வருகின்றன என்று பார்த்து, அதற்கு மேலும் இடைவெளி விட வேண்டும். வண்டியின் பின் டயர் வாரியடிக்கிற கல் நேராக டேங்கின் முன்முகத்தில்தான் விழும். அங்கே அலுமினியத் தகடோ தடித்த ரப்பர் ஷீட்டோ கட்டாயம். பலர் டேங்குக்கு மட்டும் கவசம் போட்டுவிட்டு ஹோஸ் இணைப்பை அடியில் அப்படியே விட்டுவிடுவார்கள், கடைசியில் உடைவது அந்தச் சின்னப் பிளாஸ்டிக் முழங்கை இணைப்புதான். ஹோஸைச் சேஸிஸ் சட்டத்துக்கு மேலே ஓட்டி, டேங்கிலிருந்து வெளிவருகிற இடத்திலேயே வால்வு வையுங்கள்.

பிளாஸ்டிக் டேங்க் நிறைந்தால் உப்பிக்கொள்ளும், வெயிலில் இளகும். அதை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு அசையாமல் இறுக்கினால் குலுங்கும் ரோட்டில் போல்ட் ஓட்டையில் தொடங்கி விரிசல் விடும். அடி முழுவதும் தாங்குகிற தொட்டில் செய்து, ரப்பர் வைத்த இரும்புப் பட்டையால் கட்டுவதே சரி. காற்றுக் குழாயையும் மறக்காதீர்கள். அது தூசியில் அடைத்துக்கொண்டால் பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் உள்வாங்கிச் சப்பிப்போகும். குழாயின் வாயைத் தண்ணீர் ஊற்றுகிற வாய்க்கும் மேலே கொண்டுபோய், கீழ்நோக்கி வளைத்து, வலை கட்டினால் போதும்.

அப்புறம், இத்தனையும் செய்துவிட்டு எடை போடாமல் கிளம்புவது. வீட்டில் உடல் எடை பார்க்கிற மெஷின் போதும். ஒரு பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை மெஷின் மேல், இரண்டும் ஒரே உயரம். பலகை மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செங்கல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஹிட்சை இறக்கி, காட்டுகிற எண்ணில் பலகைக் கணக்கைக் கழித்து மூன்றால் பெருக்கினால் ஹிட்ச் எடை. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். டேங்க் நிறைந்து ஒரு தடவை, காலியாக ஒரு தடவை, கழிவு டேங்க் மட்டும் நிறைந்து ஒரு தடவை என்று பார்த்து, மூன்று எண்ணையும் டிராபாரிலேயே (டிரெய்லரிலிருந்து ஹிட்ச் வரை நீளுகிற சட்டம்) அழியாத மையில் எழுதிவையுங்கள். முதல் கரடுமுரடான பாதை முடிந்ததும் இறங்கி, டேங்கின் பட்டைகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், புதுப் பட்டை எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.