டி.சி. இல்லாமல் பள்ளியில் சேர்த்தோம்

பென்னாகரம் பக்கம் குழந்தைகள் நலனுக்காக ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்துகிறேன். போன ஜூனில், பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருந்த குடும்பம் ஒன்று ஊர் திரும்பியது. மகளுக்கு 11 வயது. "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று பள்ளியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மஞ்சப்பையில் ஒரு நோட்டும் பாதி தேய்ந்த பென்சிலுமாக அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் வாக்குவாதம் செய்தேன், பலனில்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம் என்றார்கள் தோழிகள். சரி, அதற்கு முன்னால் இன்னொரு முறை என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவை அச்செடுத்துப் போனேன். டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் அப்படித்தான்; அது 14-வது பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் உண்டு.

தலைமையாசிரியர் நிதானமாகப் படித்தார். "அம்மா கையெழுத்துப் போடட்டும்" என்றார். அன்றைக்கே ஆறாம் வகுப்பு.

அப்புறம், வெளியூர் கிளம்பும் குடும்பங்களிடம் பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்ணை, ரேஷன் கார்டு கவரிலேயே எழுதித் தருகிறோம். திரும்பி வந்ததும் பழைய பதிவைத் தேட அது போதும்.